தூண்டிலில் சிக்கிய பெருமீன்: கொள்வதா, விடுவதா?

காவிரிக் கரையில் வாழும் மக்களுக்குத் தூண்டில் புதிய கருவி அன்று. கேழ்வரகுக் களியை உருண்டையாகப் பிடித்து முள்ளில் கோத்து, மடுவை நோக்கி வீசிவிட்டுப் பொழுது சாயும்வரை பொறுமையுடன் காத்திருக்கும் வழக்கம் அங்கே தலைமுறை தலைமுறையாக வந்தது. பெரிய மீன் ஒன்று சிக்கிவிட்டால், செய்தி பரவிப் பலரும் கரைக்கு வந்துவிடுவர். எடை எவ்வளவு, எத்தனை பங்கு போடலாம் என்பதே முற்காலத்தில் அங்கு எழுந்த பேச்சு. இந்நாளிலோ தூண்டிற்காரர்களிடையே வேறொரு விவாதமும் எழுந்துள்ளது. பிடிபட்ட பெருமீனை வீட்டுக்குக் கொண்டு செல்வதா, அன்றி முள்ளை நீக்கி மறுபடியும் நீரிலே விட்டுவிடுவதா என்பதே அவ்விவாதம்.

இது பொழுதுபோக்குக்காக மீன் பிடிப்போரின் தனிப்பட்ட வழக்கு என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. நமது அரசியலமைப்பின் பதினொன்றாம் அட்டவணையில் பஞ்சாயத்துக்களுக்கு உரியனவாகக் குறிக்கப்பட்டுள்ள பொருள்களுள் மீன்வளமும் ஒன்றாகும். கண்மாய்களின் மீன்பாசிக் குத்தகை பல ஊர்களுக்கு வருவாய் தருகின்றது. ஆகவே, எந்த மீனை எடுக்கலாம், எதை விட்டுவைக்கவேண்டும் என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

இரு தரப்பு வாதங்கள்

கொண்டு செல்லலாம் என்போர் கூறுவதிலும் நியாயம் உண்டு. மீன் உணவுப் பொருள். ஏழைக் குடும்பத்திற்கு அது விலை குறைந்த நல்ல புரதம். உண்பதற்காகப் பிடிப்பது இயல்பான செயல். உண்ணும் எண்ணமே இன்றி, ஓர் உயிரை முள்ளில் மாட்டி, களைக்க வைத்து, படம் எடுத்துக்கொண்டு விடுவதுதான் கொடுமை என்பது அவர்களது கட்சி. இக்கருத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சுவிட்சர்லாந்து நாட்டின் பிராணிப் பாதுகாப்பு விதிகள், திரும்ப விடும் எண்ணத்துடனேயே தூண்டில் போடுவதைத் தடை செய்கின்றன.

விட்டுவிடவேண்டும் என்போர் வாதம் வேறு. பெருமீன் ஒன்று அந்த அளவை எட்டப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதைக் கொன்றால் ஒரு நாள் குழம்பு. விட்டால் ஆண்டுதோறும் பல்லாயிரம் முட்டைகள். மேலும், விடப்பட்ட மீனை நாளை மற்றொருவர் பிடிக்கலாம். அதைக் காண வரும் வெளியூராரால் உள்ளூரார் பிழைக்கலாம் என்பர்.

இரு தரப்பாரும் 'பெரிய மீன்' என்று பொதுவாகவே பேசுகின்றனர். எந்த மீன், எந்த நீர்நிலை என்று கேட்பதில்லை. விடை அக்கேள்வியில்தான் இருக்கிறது என்பது நமது கருத்து. அதை விளக்குமுன், பெரிய மீனின் தனிச்சிறப்பைக் காண்போம்.

பெரிய தாய்மீனின் மதிப்பு

பத்து கிலோ எடையுள்ள ஒரு தாய்மீனும், ஒரு கிலோ எடையுள்ள பத்துத் தாய்மீன்களும் சமமான முட்டைகளையே தரும் என்று நாம் எண்ணக்கூடும். கணக்கு அவ்வாறு அமையவில்லை. 2018ஆம் ஆண்டில், 342 வகைக் கடல் மீன்களை ஒப்பிட்டு அறிஞர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். அட்லாண்டிக் கடலில் வாழும் காட் என்னும் மீனை அதில் எடுத்துக்காட்டாகக் காட்டினர். 30 கிலோ எடையுள்ள ஒரே தாய்மீன் இடும் முட்டைகளுக்கு ஈடு செய்ய, 2 கிலோ எடையுள்ள தாய்மீன்கள் 28 வேண்டும். இருபத்தெட்டையும் சேர்த்து நிறுத்தால் 56 கிலோ! அதாவது, எடை கூடக் கூட, முட்டைகள் அதனினும் விரைவாகப் பெருகுகின்றன.

இது கடல் மீனின் கணக்கு. ஒவ்வோர் இனத்திற்கும் எண்கள் மாறும். ஆயினும், பெரிய தாய்மீன் மிகுதியான சினை கொள்ளும் என்னும் உண்மை ஆற்று மீன்களுக்கும் பொருந்துவதே. கெண்டை இனங்கள் பலவற்றில் பெண் மீனே ஆணைவிடப் பெரிதாக வளர்கிறது. எனவே, 'இருப்பதில் பெரியதைப் பிடி' என்னும் பழக்கம், விதை நெல்லைத் தேடிப் பிடித்துக் குத்திச் சமைப்பதற்கு ஒப்பாகிறது.

இதனால் வட அமெரிக்காவின் சில நீர்நிலைகளில் ஒரு நடுவழியைக் கையாளுகின்றனர். மிகச் சிறிய மீனை, இன்னும் ஒருமுறையேனும் இனம் பெருக்கவில்லை என்று விட்டுவிடவேண்டும். மிகப் பெரிய மீனைச் சிறந்த தாய் என்று விட்டுவிடவேண்டும். இடைப்பட்ட அளவுள்ளவற்றை உணவுக்கு எடுத்துக்கொள்ளலாம். உண்பவர் பசியும் ஆற்றின் வளமும் ஒருங்கே காக்கப்படும் ஏற்பாடு இது.

விட்ட மீன் பிழைக்குமா?

நீரில் விடப்பட்ட மீன் வாலை அசைத்து ஆழத்திற்குச் சென்றுவிட்டால், அது பிழைத்துவிட்டது என்று நாம் மகிழ்கிறோம். ஆனால் சில மணி நேரத்திற்குப் பின் அது இறந்து மிதக்கவும் கூடும். கனடா நாட்டில் வானவில் டிரவுட் மீன்களைக் கொண்டு செய்த சோதனை ஒன்று 1992இல் வெளியாயிற்று. தூண்டிலில் சிக்கிய மீன் களைப்பது போல அம்மீன்களைத் துரத்திக் களைக்கச் செய்தனர். பிறகு நீரைவிட்டு வெளியே எடுக்காமல் விட்டவற்றில் நூற்றுக்கு 12 இறந்தன. 30 விநாடி காற்றில் வைத்திருந்தவற்றில் 38 இறந்தன. 60 விநாடி வைத்திருந்தவற்றில் இறந்தவை 72!

காரணம் எளிது. மீனின் செவுள் மெல்லிய இழைகளால் ஆனது. நீரில் அவ்விழைகள் விரிந்து நின்று உயிர்க்காற்றை உறிஞ்சும். வெளியே எடுத்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஓடிக் களைத்தவனின் மூக்கையும் வாயையும் அடைத்தால் எப்படி இருக்குமோ, அப்படியே மீனின் நிலையும். ஆகவே விடுவது என்று முடிவு செய்தால், முறையாக விடவேண்டும்.

முள்ளின் உட்புறத்தில் எதிர்த்து நிற்கும் சிறு கூரைக் குறட்டால் முன்னதாகவே நசுக்கி வைத்தால், முள்ளை எளிதில் கழற்றலாம். மீனை நெடுநேரம் இழுத்துக் களைக்க வைக்காமல் வலுவான நரம்பைக் கொண்டு விரைவில் கரைசேர்க்க வேண்டும். உலர்ந்த கையால் தொட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்பு நீங்கி நோய் பற்றும். கையை நனைத்துக்கொள்ள வேண்டும். செவுளில் விரல் கொடுத்துத் தூக்குதல் கூடவே கூடாது. முள்ளை மீன் விழுங்கியிருந்தால், பிடுங்க முயலாமல் நரம்பை வாயருகே நறுக்கிவிடுவது நலம். கடைசியில், மீனின் தலையை நீரோட்டத்திற்கு எதிராகத் திருப்பித் தாங்கிப் பிடித்தால், அது தானாகவே வலுவுற்று நீந்திச் செல்லும். கோடையின் நடுப்பகலில் நீர் சூடேறி அதில் உயிர்க்காற்று குறைந்திருக்கும். அவ்வேளையில் விடப்படும் மீன் பிழைப்பது அரிது.

காவிரி கற்பித்த பாடம்

மஹசீர் என்று நூல்களில் வழங்கும் பெருங்கெண்டை காவிரியின் புகழ் பெற்ற மீன். சென்னை ராஜதானியில் மாவட்ட அதிகாரியாகப் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ் என்னும் ஆங்கிலேயர் 1873இல் வெளியிட்ட இந்தியத் தூண்டிற்கலை பற்றிய நூல், இம்மீனைப் பலரும் அறியச் செய்தது. 1946இல் காவிரியின் துணையாறான கபினியில் தூண்டிலிற் பிடிபட்ட மீன் ஒன்று 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடையிருந்தது. ஒரு மனிதனின் எடை!

பின்னர் அணைகளாலும் வெடி வைத்து மீன் பிடிப்போராலும் இவ்வினம் அருகியது. வெடியும் விஷமும் இட்டு மீன் பிடித்தலை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடுத்திருந்தும், அக்கொடுமை நிற்கவில்லை. 1977-78இல் இங்கிலாந்திலிருந்து மூன்று தூண்டிற்காரர்கள் வந்து, காவிரியில் பெருங்கெண்டை இன்னும் இருப்பதை உலகுக்குக் காட்டினர். அதன்பின் கருநாடகப் பகுதியில் பீமேசுவரி, கலிபோரே முதலிய இடங்களில் தூண்டில் முகாம்கள் அமைந்தன. பிடித்த பெருங்கெண்டையைத் திரும்ப விடவேண்டும் என்பது அங்கே விதி. உள்ளூர் மீனவர் சிலர் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் வேலை பெற்றனர். முன்பு வெடி வைத்த கைகளே வெடி வைப்போரைத் தடுக்கும் கைகளாயின. இது சிறிய சாதனை ஆகாது.

எனினும் கதை அங்கே முடியவில்லை. மீன் குறைந்த ஆற்றை வளப்படுத்தும் நல்லெண்ணத்துடன், மகாராஷ்டிர மாநிலம் லோனாவலாவில் பொரித்த நீலத் துடுப்புப் பெருங்கெண்டைக் குஞ்சுகளை 1970களின் பிற்பகுதியிலிருந்து காவிரியில் விட்டனர். காவிரிக்கே உரிய இனமோ வேறு. செம்மஞ்சள் துடுப்பும் கூன் விழுந்த முதுகும் உடையது. கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை, 23,000 மணி நேரத்திற்கு மேல் தூண்டில் போட்டுப் பிடித்துவிட்ட 6,000க்கும் மேற்பட்ட மீன்களின் குறிப்புகளை அறிஞர்கள் பின்னர் ஆராய்ந்தனர். மீன்களின் எண்ணிக்கை கூடியே இருந்தது. ஆனால் கூடியவை நீலத் துடுப்பு மீன்கள். கூன்முதுகு மீன்கள் ஆண்டுக்காண்டு குறைந்தன. கிடைத்த சிலவும் பெரியனவாகவே இருந்தன, இளமீன்கள் அருகிப்போயின.

இதன் பொருளை உழவர்கள் எளிதில் உணர்வார்கள். ஒரு மந்தையில் கிழப் பசுக்கள் மட்டும் நின்று, கன்றுகளே காணப்படாவிட்டால், அம்மந்தைக்கு இன்னும் எத்தனை நாள்? தாய்களை எவ்வளவு அக்கறையுடன் விட்டுவைத்தாலும், முட்டையிடும் பரல் நிலமும் ஓடும் நீரும் கெட்டு, வேற்றினமும் இடத்தைப் பிடித்துக்கொண்டால், குஞ்சுகள் உருவாவதில்லை. கூன்முதுகுப் பெருங்கெண்டைக்கு உரிய அறிவியல் பெயரே 2018இல்தான் உறுதி செய்யப்பட்டது. அமராவதிக்கு நீர் தரும் பாம்பாற்றில் கிடைத்து 2007இல் விவரிக்கப்பட்ட மீனும் இதுவும் ஒன்றே என்று கண்டனர். 2018இலேயே அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் உலகப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. அது எஞ்சியுள்ள மிகச் சில இடங்களுள் நமது மோயாறும் ஒன்று என்பது நமக்குப் பெருமையும் பொறுப்பும் ஆகும்.

முகாம்களில் தூண்டில் போடுதல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காரணமாக 2012இல் நின்றது. தமிழ்நாட்டிலும் 2022இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காடுகள் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. சரணாலயங்களுக்குள் கொள்வதா விடுவதா என்னும் விவாதத்திற்கே இடமில்லை. வனத்துறையின் அனுமதியின்றித் தூண்டில் போடலாகாது.

நாம் செய்த ஒரு தவறு

ஆற்றின் பாடத்தை அப்படியே குளத்திற்குப் பொருத்தலாமா? நாம் ஒருமுறை அவ்வாறு பொருத்தித் தவறிழைத்தோம். சில ஆண்டுகளுக்கு முன், எமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் கண்மாய் மீன்பிடிப்பு நடந்தது. பெருமீன்களைத் தாய்மீன்களாக விட்டுவைத்தால் அடுத்த ஆண்டு குஞ்சு வாங்கும் செலவு மிச்சமாகும் என்று நாம் கூட்டத்தில் எடுத்துரைத்தோம். எல்லோரும் தலையசைத்தனர். முதியவர் ஒருவர் மட்டும், "ஐயா, இந்தக் கண்மாயில் கட்லா குஞ்சு பொரித்து நாங்கள் பார்த்ததில்லையே, ஆண்டுதோறும் வெளியிலிருந்து வாங்கித்தானே விடுகிறோம்" என்றார். அதிகாரி சொன்னதே நிலைத்தது. இருபதுக்கும் மேற்பட்ட பெரிய கட்லாக்கள் விடப்பட்டன. வைகாசியில் கண்மாய் வற்றியது. அம்மீன்கள் சேற்றில் புரண்டு மடிந்தன. காக்கையும் நாயும் உண்டது போக எஞ்சியதைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டியதாயிற்று. பஞ்சாயத்துக்கு நட்டம், நமக்குத் தலைகுனிவு.

முதியவர் கூறியதே சரி. கட்லா, ரோகு, மிருகால் ஆகிய மூன்றும் வடநாட்டுப் பேராறுகளின் மீன்கள். வெள்ளம் புரளும் ஆற்றில் முட்டையிடும் இவை, தேங்கிய குளத்து நீரில் இயல்பாக இனம் பெருக்குவதில்லை. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் கட்டாக்கில் டாக்டர் ஹீராலால் சௌதுரி, மூளையடிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி இக்கெண்டைகளை முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். அந்நாளே தேசிய மீன் வளர்ப்போர் தினமாக இன்று கொண்டாடப்படுகிறது. நம் குளங்களில் விடும் குஞ்சுகள் பொரிப்பகங்களில் இம்முறையின் வழி வந்தவையே. ஆகவே வளர்ந்த கட்லாவைக் குளத்தில் விட்டுவைப்பது, அறுத்த கதிரைக் களத்திலேயே போட்டுவிட்டு மழைக்குக் காத்திருப்பது போன்றதாகும். அதைப் பிடித்து விற்பதே முறை.

விரால் மீனின் நிலை நேர் எதிரானது. அது நம் நாட்டு மீன். நம் குளத்திலேயே இனம் பெருக்குவது. மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் திரிய, பெற்ற மீன்கள் அடியில் காவல் நிற்கும். அப்போது எதைக் கண்டாலும் சீறிப் பாயும். இதை அறிந்த தூண்டிற்காரர், குஞ்சுக் கூட்டத்தின் மேல் தவளையைக் கோத்த முள்ளை ஆட்டிப் பெரிய விராலைப் பிடித்துவிடுகின்றனர். காவல் போன குஞ்சுகளைப் பிற மீன்கள் சில நாட்களில் தின்று தீர்க்கின்றன. ஒரு விராலைப் பிடித்ததாக எண்ணுகிறோம். ஒரு தலைமுறையையே பிடித்துவிடுகிறோம்.

வேறு சில மீன்களை விடவே கூடாது. 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீன் அளவின்றிப் பெருகி மற்றவற்றின் இரையைப் பறிக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தியோ சிறியதும் பெரியதுமாக நாட்டு மீன்களை விழுங்குவது. அதன் வளர்ப்பை மத்திய அரசு 2000இல் தடை செய்தது. இவை சிக்கினால் எவ்வளவு பெரியனவாயினும் கரையேற்றிவிட வேண்டும்.

மூன்று கேள்விகள்

இதுவரை கூறியவற்றை மூன்று கேள்விகளில் அடக்கலாம். ஒன்று, இம்மீன் இந்நீர்நிலைக்கு உரிய இனமா? இரண்டு, இது இங்கே இனம் பெருக்குமா? மூன்று, விட்டால் பிழைக்குமா? மூன்றுக்கும் 'ஆம்' என்பது விடையானால், அப்பெருமீனை விட்டுவிடுதல் ஊருக்கு நன்மை. ஒன்றுக்கேனும் 'இல்லை' என்றால், மனக்குறையின்றி எடுத்துக்கொள்ளலாம். சட்டம் தடுக்கும் இடங்களும் இனங்களும் மட்டுமே இதற்கு விலக்கு.

பஞ்சாயத்துக்கள் இக்கருத்தைச் செயலாக்க அதிகச் செலவு தேவையில்லை. மீன்பாசிக் குத்தகையின் நிபந்தனைகளில் இரண்டொரு வரிகளைச் சேர்க்கலாம். விரால் குஞ்சுகளோடு திரியும் காலத்தில் அதைப் பிடிக்கலாகாது; சிறு கண் வலையைப் பயன்படுத்தலாகாது; ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடலாகாது. வண்டல் எடுக்கும்போது, கோடையிலும் நீர் நிற்கும்படி ஒரு மூலையில் ஆழமான மடு ஒன்றை அமைத்தால், நாட்டு மீன்களின் தாய்கள் அதில் தங்கி அடுத்த மழையில் ஏரி முழுவதும் பரவும். ஆற்றோர ஊர்கள் வெடியும் விஷமும் இடுவோரைக் கண்டால் உடனே அறிவிக்க ஏற்பாடு செய்யலாம். இவற்றைக் கிராம சபையில் வைத்து, மீனவர்களின் சொல்லையும் கேட்டு முடிவெடுத்தல் நலம். அவர்கள் சொல் கேளாததன் பயனை நாம் கண்டோம்.

கட்டுப்பாடு என்றால் மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று ஐயுற வேண்டுவதில்லை. மீனினம் பெருகுவதற்காக நமது கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. கருநாடகத்தில் துங்கை ஆற்றின் சிருங்கேரியிலும், கபிலை ஆற்றின் சிசிலாவிலும், கோயில் படித்துறைகளில் பெருங்கெண்டைகள் கூட்டமாகத் திரிகின்றன. அவற்றை எவரும் பிடிப்பதில்லை. பக்தர்கள் பொரி தூவி மகிழ்கின்றனர். காவலர் நின்று காக்க முடியாததை ஊரின் ஒருமித்த மனம் காக்கும் என்பதற்கு அவை சான்று.

நல்ல உழவர் எவரும் விளைந்த நெல் அனைத்தையும் விற்பதில்லை; அனைத்தையும் விதைக்கென்று வைத்துப் பட்டினி கிடப்பதுமில்லை. எது விதை, எது உணவு என்று பார்த்துப் பிரிக்கிறார். நீருக்குள் கிடக்கும் விளைச்சலிலும் அந்தக் கண்ணோட்டம் வேண்டும். அடுத்த முறை பெருமீன் ஒன்று தூண்டிலில் சிக்கும்போது, எடையைக் கேட்குமுன் அதன் இனத்தைக் கேட்போமாக.